வெந்த மாக்கல்

கல்லை நறுக்குவதுதான் அவள் வேலை. அருங்காட்சியகத்தின் பின்பக்கத்து அறையில், தண்ணீர் சொட்டிக்கொண்டே சுழலும் அறுவைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, கல்லில் மெல்லிய வில்லை ஒன்றைச் சீவுவாள். அதைக் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கிக்குத் தயார் செய்வாள். அது எந்தக் கல் என்று பார்த்துச் சொல்லவேண்டியவர் அவள் கணவர். “எல்லார் வீட்டுலயும் பொண்டாட்டி காய் நறுக்குவா. எனக்கு வாய்ச்சவ கல்லு நறுக்குறா” என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவளும் விடமாட்டாள். காயென்றால் உப்புப் பார்க்கவாவது வாயைத் திறப்பீர்கள், கல்லென்றால் நாள் முழுக்கப் பேச்சே கிடையாது என்பாள்.

அகழ்வாய்வில் கிடைத்த ஒரு வார்ப்பு அச்சு வந்தபிறகு அவர் உண்மையாகவே பேச்சைக் குறைத்துவிட்டார். எழுத்தே இல்லாத காலத்து மனிதர்கள் வெண்கலத்தை உருக்கி ஊற்றிக் கோடரி வார்த்த அச்சு அது. கல்சட்டி செய்கிற மாக்கல்லில் குடைந்தது. அந்தக் கல்லை எந்த மலையில் வெட்டினார்கள் என்று தெரிந்தால், அவர்கள் எங்கே போய்வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். பெட்டியில் அச்சோடு, வெண்கலம் ஊற்றும் அதன் வாயோரத்தில் பெயர்ந்த ஒரு சில்லும் இருந்தது. முழு அச்சில் சக்கரத்தை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சில்லையே வெட்டலாம் என்றாள். மேலே கருகியிருப்பதைச் சுரண்டிவிட்டால் போதும் என்று அவரும் தலையாட்டினார்.

பக்கத்து மலையின் கல்லோடு முதலில் ஒப்பிட்டார். சேரவில்லை. அடுத்த மலைக்குப் போனார், அதற்கும் அடுத்ததற்குப் போனார். விடுமுறையெல்லாம் அதிலேயே கரைந்தது. கடைசியில், ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த, கல் வெட்டியெடுத்த பழைய குழியில், மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். உடலோடு அவர் பையும் வந்துசேர்ந்தது. அதில் ஒரு கல் இருந்தது.

அவரை எடுத்து வளர்த்தவள் அவருடைய அக்கா. தம்பி போன துக்கத்தில் அவள் பிடித்துக்கொண்ட ஒரே கொம்பு அந்தக் கல்தான். தேடியது கிடைத்த பிறகுதான் அவன் போனான் என்று நம்பினாள். வாராவாரம் வருவாள். வெட்டிப் பார்த்தாயா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று இவள் சொல்லிவந்தாள். சொன்னது பொய். காரியம் முடிந்த மறுவாரமே வெட்டிவிட்டாள். அந்தக் கல்லும் சேரவில்லை.

பிறகு, அதே அகழ்வில் அந்த அச்சின்மேல் மூடிப் பொருத்துகிற ஜோடிப் பாதி கிடைத்தது, நடுவில் இரண்டாக உடைந்து. இந்த முறை தடித்த முதுகுப் பக்கத்திலிருந்து, தீ எட்டாத உட்புறத்தில் வில்லை எடுத்தாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். அவர் முதன்முதலில் ஒதுக்கிய பக்கத்து மலைக் கல் அப்படியே கண்முன் இருந்தது. நம்பாமல், அந்த மலையின் துண்டு ஒன்றை உலையில் சிவக்கச் சிவக்கப் பலமுறை சூடாக்கி வெட்டினாள். இப்போது அது பழைய சில்லைப் போலவே இருந்தது. உருகிய வெண்கலம் திரும்பத் திரும்ப விழுந்து, சில்லு உள்ளுக்குள்ளேயே வெந்து வேறு கல்லாகிவிட்டிருந்தது. அப்படி ஒரு கல் எந்த மலையிலும் கிடையாது. அதைத் தேடித்தான் அவர் மலை மலையாக அலைந்தார்.

அக்கா அந்த வாரமும் வந்தாள். இவள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“வெட்டிட்டேன் அக்கா. அந்த அச்சு, அவர் கடைசியா எடுத்த கல்லு இல்ல.”

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்போ எது?”

“பக்கத்து மலைக் கல்லு. நான்தான் வெந்துபோன துண்டை வெட்டிக் கொடுத்துட்டேன். அதை வச்சுத்தான் அவர் தேடினார்.”

“பக்கத்து மலைன்னா… நம்ம மொட்டை மாடியில நின்னா தெரியுமே, அதுவா?”

“அதேதான்.”

திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அங்க முதல் நாளே போனானேம்மா,” என்றாள் அக்கா. “மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டான்.”

அன்று அவருக்குப் பரிமாறியது இவள்தான்.