அருவிக்கரையில் வாங்கிய மூன்று கையெழுத்து

குற்றாலத்தில் எந்த அருவியில் கூட்டம் குறைவு, ரம்புட்டான் எப்போது மலிவு என்றெல்லாம் நான் எழுதிய பதிவுக்குக் கீழே போன வாரம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய தம்பிக்குப் போதை மாத்திரைப் பழக்கம். மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு மண்டலம் குற்றாலத்தில் தங்கவைத்து, காலை மாலை அருவியில் நிறுத்தினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். வாடகை குறைவான அறை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். ஐயா, அறை கிடக்கட்டும். அந்த வைத்தியத்தில் முதல் பாதியை நான் ஒருமுறை செய்து பார்த்து, ஒரு மனிதரைக் கொல்ல இருந்தேன். அதற்கு அடுத்த வருஷம் போன பயணத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1957ஆம் வருஷம், ஆடி மாதம், நல்ல சாரல் காலம். எனக்கு இருபத்து நான்கு வயது, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். என் அக்கா பிரமுவைச் செங்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் சுடலைமுத்து, மலைக்குப் போகும் ரயில் பாதையில் கேங் வேலை பார்த்தவர். ஒருநாள் தண்டவாளத் துண்டு சரிந்து இடுப்பில் விழுந்தது. வலிக்கு என்று அபினி சாப்பிடத் தொடங்கினார். வலி போயிற்று, அபினி போகவில்லை, வேலை போயிற்று. இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அந்தக் காலத்தில் அபினிக்குப் பழகிப்போனவர்களுக்குச் சர்க்காரே கார்டு போட்டு அளந்து கொடுத்தது. அத்தானிடம் இருந்தது திருவிதாங்கூர்க் கார்டு. செங்கோட்டை அப்போது அந்தப் பக்கம்தானே இருந்தது.

முந்தைய வருஷக் கோடை விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது, வேலை இல்லாமல் மூலையில் தூங்கி வழிந்த அத்தானைப் பார்த்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அபினி டப்பாவை எடுத்து ஆற்றில் வீசிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக மார் தட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்து, நாடி விட்டு விட்டு அடித்தது. நானே ஓடிப்போய் விற்கும் இடத்தில் கெஞ்சி, ஒரு துண்டு வாங்கி வந்து அவர் வாயில் போட்டேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் செங்கோட்டை மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஊருக்கு அது சந்தோஷம். அத்தானுக்கு அது கண்டம். அபினி விற்பனையையே கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துவிடுவது என்று சர்க்கார் தீர்மானித்திருந்த நேரம். நல்ல தீர்மானம்தான். ஆனால் பழைய கார்டு ஆடி நடுவில், இங்கிலீஷ் மாதக் கடைசிப் புதன்கிழமையோடு செல்லாது, புதுக் கார்டு வேண்டும், அதற்குத் தென்காசியில் டாக்டர், துணைத் தாசில்தார், மதுவிலக்கு அதிகாரி மூவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புதுக் கார்டு வந்தால் டாக்டர் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார். வராவிட்டால் வியாழக்கிழமை காலையில் ஆற்றில் டப்பா போன கதைதான். மூன்று வாரமாக அலைந்தும் ஒரு கையெழுத்தும் கிடைக்கவில்லை என்று அக்கா கடிதம் போட்டிருந்தாள். நான் அதற்கு முந்தின சனிக்கும் திங்களுக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை காலை கிளம்பினேன்.

திருநெல்வேலி ஜங்ஷனில் காலை ஏழு மணிச் சுமாருக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, பதினாலு அணா. அம்பாசமுத்திரம் தாண்டியதும் ஜன்னல் வழியே காற்று குளிர ஆரம்பித்தது. தென்காசியில் இறங்கும்போது ஒன்பதரை. இப்போது நீங்கள் அண்ணாந்து பார்க்கும் பெரிய கோபுரம் அன்றைக்கு இல்லை. இடி விழுந்து பிளந்த மொட்டைக் கோபுரம்தான் நின்றது, ஆனாலும் வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அந்தக் காற்று இருந்தது. சாமி கும்பிட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி.

டாக்டர் இல்லை, கம்பவுண்டர் இருந்தார். கார்டு மலையாளத்தில் இருப்பதால் எவ்வளவு அளவு என்று டாக்டருக்குத் தெரியவில்லை, படித்துச் சொல்லும்படி துணைத் தாசில்தாருக்குக் கடிதம் போயிருக்கிறது என்றார். துணைத் தாசில்தாரின் குமாஸ்தா, கடிதம் வந்தது, மதுவிலக்கு அதிகாரியின் அபிப்பிராயத்துக்கு ஃபைல் போயிருக்கிறது என்றார். மதுவிலக்கு அதிகாரியின் குமாஸ்தா, டாக்டரின் சான்றிதழ் வந்ததும் ஐயா பார்ப்பார் என்றார். மூவரில் யாரும் என்னை விரட்டவில்லை, உட்காரச் சொன்னார்கள், ஒருவர் காபிகூட வாங்கித் தந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவருக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். பன்னிரண்டரைக்கு நான் வெளியே வந்தபோது செங்கோட்டை ரயில் போயிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் மைதீன் பாய் என்ற குதிரைவண்டிக்காரர் செங்கோட்டைக்கு ஒன்றேகால் ரூபாய் கேட்டார். ஐந்து மைல் தூரம். பேரம் பேசத் தெம்பில்லாமல் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவரிடம் புலம்பித் தீர்த்தேன்.

"மூணு பேரும் ஒரு இடத்துல நின்னு பேசினா அஞ்சு நிமிஷத்துல முடியுத காரியம் பாய். எப்ப நிக்கப் போறாங்க?"

அவர் குதிரையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு நிப்பாவ தம்பி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதான் சொல்லுதேன். சாரல் அடிக்கையில ஞாயித்துக்கெழமை எந்த அதிகாரியாவது வீட்டுல இருப்பாவளா? பூரா பேரும் மெயின் அருவியில எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடப்பாவ. நான்தான வண்டி கட்டுதேன். அவுக மூணு பேரையும் எனக்குத் தெரியும், காட்டித் தாரேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலையில் ஆறு மணிக்கு வண்டியோடு அக்கா வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன்.

ஞாயிறன்று செங்கோட்டையிலிருந்து நான்கு மைல், ஒரு ரூபாய். அக்காவும் வந்தாள், வைத்தியத்தின் இரண்டாவது பாதியான அருவிக் குளியலில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அத்தான் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கொட்டாவி விட்டபடி வந்தார். மூக்கு ஒழுகியது, கை நடுங்கியது. அபினி இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். ஒவ்வொரு துண்டும் பாதியாக வெட்டப்பட்டிருந்தது.

"வியாழக்கெழமைக்கு மேல வேணும்லா மாப்ளே. பாதி பாதியாத்தான் திங்கேன், பத்து நாளாச்சு."

ஒரு வருஷமாக அவரை நான் சோம்பேறி என்றே நினைத்திருந்தேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

மெயின் அருவி பாலாகக் கொட்டிக்கொண்டிருந்தது, பேசினால் காதில் விழாது. மைதீன் பாய் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு வந்தார். "அந்தா குப்புறப் படுத்திருக்காவல்லா, அவுகதான் துணைத் தாசில்தார். பக்கத்துல உக்காந்து தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு இருக்கவுக டாக்டரு. அதிகாரி தண்ணிக்குள்ள நிக்காவ, தலை மட்டும் தெரியுது பாருங்க."

துணைத் தாசில்தாரின் முதுகில் எண்ணெய் தேய்க்கும் ஆள் ஏறி நின்று மிதித்துக்கொண்டிருந்தார், எழுந்து ஓட வழியில்லை. நான் குனிந்து வணக்கம் சொன்னேன். நாகர்கோவில் பக்கத்து மனிதர், மலையாளம் படித்தவர், ஒரு கண்ணைத் திறந்தார்.

"என்ன சார்வாள், ஞாயித்துக்கிழமை கூடவா?"

"மன்னிக்கணும் சார். இதுல என்ன அளவு போட்டிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

கார்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மலையாளத்தைக் கண்டதும் மறு கண்ணும் திறந்தது. "எட்டுக் குன்றிமணி எடை, ஒரு நாளைக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால போட்ட கார்டு."

பக்கத்தில் இருந்த டாக்டர் சட்டென்று திரும்பினார். "நான் லெட்டர் எழுதிக் கேட்டது இதைத்தானே?"

"ஆமா டாக்டர், லெட்டர் வந்துச்சு. ஃபைல் மதுவிலக்கு சார்கிட்ட இருக்கு."

"அவர் எங்கே?"

துணைத் தாசில்தார் படுத்தபடியே அருவியைக் கை காட்டினார். டாக்டர் தலையில் எண்ணெய் வழிய வழியச் சிரித்தார். பிறகு அத்தானைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பாறையில் உட்காரவைத்து நாடி பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் யார் என்பதையும் போன வருஷம் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

"வாத்தியார் வேலைதானே பார்க்கிறீங்க? ஒரு மனுஷனைச் சாகடிச்சிருப்பீங்க," என்றார். "இப்படி அரைவயிறா இருக்கிறவருக்குத் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. வாரா வாரம் நான் பார்த்துக் குறைக்கணும். பால், முட்டை, சோறு எல்லாம் கொடுக்கணும்."

இதற்குள் மைதீன் பாய் தண்ணீருக்குள் போய், மதுவிலக்கு அதிகாரியைக் கூட்டி வந்துவிட்டார். சின்ன வயது, துண்டோடு நின்றாலும் விறைப்பாகவே நின்றார். விதிப்படி சான்றிதழ் முதலில் தன் ஆபீசுக்கு வர வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"விதியை நாளைக்கு ஃபைல்ல எழுதிக்கலாம் சார்," என்றார் துணைத் தாசில்தார், முதுகில் இருந்த ஆளை இறங்கச் சொல்லிவிட்டு எழுந்தபடி. "இப்ப மூணு பேரும் இங்கன நிக்கோம்லா?"

அதிகாரி அத்தான் பக்கம் திரும்பினார். "உமக்கு இதை விட விருப்பம் உண்டா? இல்லை, கார்டு மட்டும் வேணுமா?"

அத்தான் எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. "விருப்பம் இல்லாமலா ஐயா பாதி பாதியாத் தின்னுட்டு நடுங்குதேன்? விட்டாக் கேங்குல திரும்பச் சேத்துக்கிடுதேன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. நின்ன நெலையில விட்டாச் செத்துருவேன். எறங்க வழி காட்டுங்க, எறங்கிருதேன்."

அதிகாரி இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு பேனா யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

பேனா டாக்டரின் சட்டையில் இருந்தது, சட்டை காபிக்கடையில் இருந்தது. காகிதம் என்னிடம் இருந்தது, டிராயிங் மாஸ்டர் பை இல்லாமல் வெளியே போவதில்லை. மூவரும் அரப்புப் பொடியில் கை தேய்த்துக் கழுவினார்கள். கடைப் பெஞ்சில் காகிதத்தை வைத்து, சாரல் படாமல் அக்கா குடை பிடிக்க, டாக்டர் சான்றிதழ் எழுதினார். துணைத் தாசில்தார் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி, திங்களன்று புதுக் கார்டு தரத் தடையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று வாரமாக நகராத காரியம் ஒரு கால் மணி நேரத்தில் முடிந்தது.

அக்கா மெல்ல டாக்டரிடம் கேட்டாள். "அருவியில குளிச்சா நல்லதுன்னு சொல்லுதாவளே?"

"தாராளமாக் குளிக்கட்டும்மா, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சுக்கோங்க. குளிச்சா நல்லாப் பசிக்கும். ஆனா மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு."

நானும் மைதீன் பாயும் அத்தானைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தினோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் லேசாக இருந்தது. அந்த நிம்மதியில் காபிக்கடையில் பதினோரு இட்லி சாப்பிட்டேன். அத்தான் மூன்று சாப்பிட்டார், அக்கா அதை எண்ணிக்கொண்டே இருந்தாள். அக்காவையும் அத்தானையும் வண்டியில் அனுப்பிவிட்டு நான் தென்காசிக்குப் பஸ் ஏறினேன், இரண்டணா. கண்டக்டர் அதைப் பன்னிரண்டு நயா பைசா என்றார், புதுக்காசு வந்த வருஷம். திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் புதுக் கார்டு கையில் இருந்தது, தமிழில்.

கேள்வி கேட்ட நண்பருக்கு வருகிறேன். தம்பியை முதலில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒளிக்காமல் எழுதி எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் தூக்கி எறியாதீர்கள், நிறுத்துவதா குறைப்பதா என்று டாக்டர் சொல்லட்டும். ஒருவரை இன்னொருவரிடம் அனுப்பினால், முடிந்தவரை ஆளையே கூட்டிப் போய் முன்னால் நிறுத்துங்கள், கடிதத்துக்குக் கை நடுங்காது. போகிற இடமெல்லாம் வீட்டில் ஒரே ஆள் கூடப் போகட்டும். உடம்பு தேறியபின் குற்றாலம் வாருங்கள், திங்கள் முதல் வியாழன் வரை கூட்டம் குறைவு. பாறை வழுக்கும், வெள்ளம் என்று காவலர் தடுத்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அறை விவரம் அப்போது சொல்கிறேன்.

அத்தான் இறங்கி முடிக்கப் பங்குனி வரை ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை சறுக்கினார், இரண்டு தடவையும் டாக்டர் திட்டாமல் முந்தைய அளவுக்குப் போய் மறுபடி தொடங்கினார். கார்டைத் திருப்பிக் கொடுக்கத் துணைத் தாசில்தார் ஆபீசுக்கு நாங்கள் மூவருமாகப் போனோம். குமாஸ்தா பெரிய பதிவேட்டைத் திறந்து, அத்தான் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். கார்டு முடிந்ததற்குக் காரணம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை இரண்டே காரணங்கள்தான் இருந்தன, ஒன்று 'இறந்துவிட்டார்', மற்றது 'ஊரை விட்டுப் போய்விட்டார்'.

"என்னன்னு எழுத?" என்று எங்களையே கேட்டார்.

"நான் சாகவும் இல்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை," என்றார் அத்தான். "இங்கனதான நிக்கேன். கண்ணால பாக்கீயள்லா, அதையே எழுதுங்க."

குமாஸ்தா உள்ளே போய்க் கேட்டு வந்தார். பின்னாலேயே துணைத் தாசில்தார் வந்து, பேனாவை வாங்கித் தானே எழுதினார். எழுதியதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "ஆள் இருக்கிறார். அபினி வேண்டாம் என்கிறார்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.