சொந்த மகள்மேல் புகார் கொடுத்தவர்

ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சித்தி, அம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள் பரிதா அக்காவின் மகள் ஷாமிலா. முந்தின நாள் மாலைகூட பரிதா அக்கா தன் வளையல் கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "என்ன தாயி, மூஞ்சி தொங்குது, சம்பளத்தப் புடிச்சுட்டாகளா?" என்று கேலி பேசினார். காலையில் நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அவர் வாய் ஓயாத கடைக்கார அக்கா. எனக்கு அவர் என் மகளைத் திருப்பிக் கொடுத்தவர்.

குரங்கணிக்கு மேலே எஸ்டேட்டில் இருந்த நாங்கள், மகள் கவிதாவும் சின்னவன் முத்துவும் படிக்க வேண்டுமென்று போடிக்கு இறங்கி வந்தோம். கவிதாவுக்குத் திக்குவாய். மலையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. இங்கே ஆறாம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் அவள் வீட்டிலும் பேசுவதை விட்டாள். காலையானால் வயிற்றுவலி. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "யாருன்னு பேரச் சொன்னாத்தானே கூப்பிட்டு விசாரிக்க முடியும்?" என்றார். கவிதா வாயைத் திறக்கவில்லை. ஒருநாள், "எ... என்னைய எஸ்டேட்டுக்கே கொண்டுபோய் விட்ரும்மா" என்றாள். படிப்பை நிறுத்திவிடுவது என்றே முடிவு செய்தேன்.

டி.சி. கேட்கப் போன அன்று, தலைமையாசிரியை அறையில் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் பரிதா அக்கா. கவிதாவின் வகுப்பில் படித்த ஷாமிலா முந்தின நாள் வீட்டில் தன் தம்பியைச் சிரிக்கவைக்க, யாரோ திக்கிப் பேசுவதைப் பேசிக் காட்டியிருக்கிறாள்.

"நானும் சிரிச்சேன் டீச்சர். பெறகுதான் உறைச்சிச்சு. இம்புட்டு அச்சு அசலாப் பேசிக் காட்டணும்னா, அந்தப் புள்ளையத் தெனமும் பேசவச்சு வேடிக்கை பாத்திருக்கணும்ல? கேட்டேன், ஆமான்னுட்டா. கூட வேற புள்ளைகளும் இருக்காளுக, விசாரிங்க. ஆனா மொதல்ல எம்மக பேரை எழுதிக்கங்க" என்றார்.

விசாரித்தார்கள், கண்டித்தார்கள். கவிதா அதே பள்ளியில் தொடர்ந்தாள். மெல்லப் பேச்சு வந்தது, திக்கலோடுதான். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

பெற்ற பிள்ளையையே காட்டிக்கொடுத்தவள் என்று அக்காவை மாமியார் வீட்டில் குத்திக்காட்டினார்கள். ஷாமிலாவே ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையில் ஆளில்லாத நேரம் அக்கா என்னிடம் அழுதிருக்கிறார். "உம்மகளுக்காக மட்டும் போகல தாயி. அப்படியே விட்டிருந்தா எம்மக என்னவா ஆகியிருப்பா? அதான் பயம்" என்பார்.

அக்காவின் மையத்தை வைத்திருந்த வீட்டில் ஷாமிலா கவிதாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கவிதாதான் அவளைச் சமாதானப்படுத்தித் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம், யாராவது அடித்தார்களா என்று நாமெல்லாம் கேட்போம். அக்கா தன் பிள்ளைகளிடம், "இன்னைக்கு நீ யாரையாச்சும் அழவச்சியா?" என்றும் கேட்பார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். இன்று சாயங்காலம் முத்துவிடம் கேட்டேன். எப்போதும் "இல்லம்மா" என்று ஓடுகிறவன், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். யாரை என்று கேட்டேன். ஒரு பையனின் பேரைச் சொன்னான். காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறேன். அக்கா, நீங்கள் அன்று யார் துணையும் இல்லாமல்தானே பிள்ளையோடு போய் நின்றீர்கள்.