பொருத்தம் பார்த்தவர்

ஆர்ச்வே கோயிலுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை. பெப்ரவரி மழை. யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றின் பெயரில் இங்கே புலம்பெயர்ந்தவர்கள் நடத்தும் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர், கைப்பேசியைப் பார்த்தபடி உறைந்துபோய் இருக்கிறார். யாரோ இறந்துவிட்டதாகத்தான் நினைக்கிறேன். இல்லை, அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளன் வரும் கோடையில் பக்கத்து ஊர்க் கழகத்துக்கு ஆடப் போகிறானாம்.

"போகட்டும் அண்ணை. போன வருசம் அவன் பந்துக்கு ஓடினதேயில்லை," என்கிறார் கூட இருக்கும் நண்பர்.

"முழங்கால் வீங்கியும் பந்து போட்டவனடா," என்கிறார் செயலாளர்.

"அவனை எப்படி விட்டீர்கள்?" என்று நண்பரிடம் கேட்கிறேன்.

"இங்கை சொந்த ஊருக்கு விளையாடலாம், இல்லாட்டி மனிசியின்ர ஊருக்கு. தையிலை அவனுக்குக் கலியாணம் நடந்தது. பொம்பிளை அந்த ஊர்."

"யார் பார்த்த சம்பந்தம்?"

நண்பர் செயலாளரைக் காட்டுகிறார்.

"பத்துப் பொருத்தமும் பார்த்தனான் தம்பி," என்கிறார் அவர். "இதை யோசிக்கேல்லை."