பிரிந்தது சரியா, தப்பா?

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில் வீடு வீடாகப் போய்க் கருத்துக் கேட்பதுதான் வெண்டியின் பிழைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு நாடு விலகிச் சில வருடங்கள் ஆகியும் அதே கேள்விதான்: பிரிந்தது சரியா, தப்பா?

மீன் சந்தையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டெரெக், "சரிதாம்மா, இதுல என்ன சந்தேகம்?" என்றார். அவர் மனைவி பாலின், "எனக்கும் அதேதான்" என்றாள்.

வாசல்வரை வந்த பாலின் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தப்புன்னு போட்டுக்கோ. அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாரு."

அவள் உள்ளே போனதும் டெரெக் மூச்சிரைக்க வந்தார். "என்னோடதையும் தப்புன்னு மாத்திடும்மா. அவகிட்ட மூச்சு விட்டுடாதே. நான் சொல்லித்தான் அவ அன்னிக்குப் பிரியணும்னு ஓட்டே போட்டா."

ஒருவர் பதிலை இன்னொருவரிடம் சொல்ல வெண்டிக்கு அனுமதியில்லை. "நீங்களே சொல்லிப் பாருங்களேன், அடிக்கவா போறாங்க?" என்றாள்.

டெரெக் தலையைச் சொறிந்தபடி திரும்பினார். வெண்டி பக்கத்து வீட்டு மணியை அழுத்திவிட்டு நின்றாள். சற்று நேரத்தில் பாலின் வாய்விட்டுச் சிரிப்பது தெருவரை கேட்டது.