இரண்டு சைக்கிளுக்கு ஒரு டிராக்டர் கொக்கி

காலை 9.00. திருநெல்வேலி டவுணில் ஒரு வெல்டிங் பட்டறை. பிற்பகல் மூன்று மணிக்குள் பாபநாசத்தில் தங்கை செல்வியின் பெயரைக் கொடுத்தாக வேண்டும். மூன்றரைக்கு சைக்கிள் பந்தயம். பந்தய சைக்கிள் ஒன்று, மாற்றுக்கு ஒன்று. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஆகவே என் பழைய காரின் பின்னால் இழுவைக் கொக்கி வைத்து, அதில் சைக்கிள் தாங்கியைப் பொருத்துவது என் திட்டம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அளவுகளை மில்லிமீட்டரில் வரைந்தே கொண்டுபோயிருந்தேன்.

பட்டறை அண்ணாச்சி அந்தத் தாளால் விசிறிக்கொண்டார்.

"கொக்கில என்னத்த இழுக்கப் போறீய?"

"இழுக்கல அண்ணாச்சி. ரெண்டு சைக்கிளத் தூக்கிட்டுப் போணும்."

"சைக்கிளத் தூக்கவா? ஓட்டிட்டுப் போலாம்லா!"

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றாள் செல்வி.

11.50. இங்கே கொக்கி கேட்டு வருபவர்கள் டிராக்டர்காரர்கள் மட்டுமே. அண்ணாச்சியின் கைக்கும் அந்த ஒரு கனம்தான் தெரியும். காரின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. கூலி ஆறாயிரம் ரூபாய்.

"ரெண்டு டன் இழுக்கும்!"

"இருபத்தஞ்சு கிலோவுக்கா அண்ணாச்சி?"

"அந்து விழுந்தா என்னயதான ஏசுவீய?"

12.10. புறப்பட்டோம். பேட்டையிலேயே முதல் வேகத்தடையில் கொக்கி உரசியது. செல்வி இறங்கினால் கார் ஒரு விரல் உயரும். பத்தமடை வருவதற்குள் பதினொரு முறை இறங்கி நடந்தாள். டீக்கடையிலிருந்து ஒருவர், "ஏலே, காருக்கு வால் மொளச்சிருக்கு பாரு!" என்றார்.

1.25. சேரன்மகாதேவி தாண்டி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் காரின் மூக்கு வயலுக்குள் இறங்கிவிட்டது. சேற்றில் சக்கரம் சுற்றியதுதான் மிச்சம். இன்னும் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர்.

செல்வி பந்தய சைக்கிளைக் கழற்றினாள். "அண்ணே, நீ பைய வா."

"ஏட்டி, இப்பவே மிதிச்சா பந்தயத்துக்குக் கால்ல தெம்பு வேண்டாமா?"

"பேரே குடுக்கலன்னா தெம்ப வச்சி என்ன செய்ய?"

போய்விட்டாள்.

2.15. ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டுநர் காரின் பின்னால் குனிந்தவர் முகம் மலர்ந்தார். "நம்ம கொக்கில்லா இருக்கு!" தாங்கியைக் கழற்றிச் சங்கிலி மாட்டினோம். ஒரே இழுப்பு, கார் சாலைக்கு வந்துவிட்டது.

"எந்தப் பட்டறை வே? கெட்டியா வச்சிருக்கான்."

எரிச்சலை விழுங்கிக்கொண்டு முகவரி சொன்னேன்.

3.10. பாபநாசம். செல்வி மார்பில் பந்தய எண் அட்டையைக் குத்திக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். ரெண்டே முக்காலுக்கே பெயர் கொடுத்துவிட்டாளாம்.

நான்காவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். முதல் மூவரும் கால் நோகாமல் வேனில் வந்திறங்கியவர்கள்.

5.30. சைக்கிளை மாட்டிவிட்டுப் பின்னிருக்கையில் படுத்தவள் அம்பாசமுத்திரம் வருமுன்பே தூங்கிவிட்டாள். முதல் வேகத்தடையில் காரை நிறுத்தி, திரும்பிப் பார்த்தேன். எழுப்பவில்லை. டவுண் வரைக்கும் ஒவ்வொன்றிலும் கொக்கி கீச்சிட்டுக்கொண்டே வந்தது. உரசட்டும், ரெண்டு டன் இழுக்கிற இரும்புதானே.