நான் பார்க்காத அரிசி டின்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. அந்த நான்காவது பிள்ளைதான் இன்று டெல்லியில் எம்.பி. அவனுடைய தாய் எங்கள் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவள். பிரசவத்துக்குப் பிறகு தேறவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் பார்த்த தகப்பன் கைக்குழந்தையை என்னிடம் கொடுத்தார். வக்கீல் படிப்பு முடியும்வரை அவனுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு.

எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான். ஆறாவது படிக்கும்போது சிலேட்டில் என் பேரை எழுதி, அதன் மேலேயே என்னை எழுத வைத்தான். அதன் பிறகு பேங்கில் யாராவது மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினால் எனக்குக் கோபம் வரும். பேனாவைக் கேட்டு வாங்குவேன்.

நாங்கள் இந்தத் தெலுங்கு ஊரில், திருமுல்கேரியில் இரண்டு அறை கட்டிக்கொண்டு வந்த பிறகு நடந்தது இது. எதிர் வீட்டில் ஓர் ஆட்டோக்காரர், அவர் மனைவி. எங்களைப் போல வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். என் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டுக் காசு வாங்க மாட்டார் அவர். ஒரு நாள் போலீஸ் வந்து அவரைக் கொண்டு போனது. பக்கத்துக் காலனியில் யாரோ ஒரு பெண்ணை நகைக்காகக் கொன்றுவிட்டார்களாம்.

மறுநாள் ஒரு கான்ஸ்டபிள் தெலுங்கில் எழுதிய காகிதத்தோடு என் வாசலுக்கு வந்தார். பஞ்சநாமா என்றார்; போலீஸ் சோதனைக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கும் காகிதமாம். எதிர் வீட்டு அரிசி டின்னிலிருந்து செத்தவளின் சங்கிலியை எடுத்ததை நான் பார்த்ததாக அதில் எழுதியிருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: கையெழுத்தா, கைநாட்டா? அந்தக் கேள்விக்கே பேனாவை வாங்கிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் படிக்கத் தெரியாதவள் என்று தெரிந்துவிடுமே.

வழக்கு நான் வளர்த்தவன் கைக்கு வந்தது. அப்போது அவன் கவர்ன்மெண்ட் பக்கத்து வக்கீல். அவனுக்கு முதல் பெரிய கேஸ். நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"கையெழுத்து உன்னுதான்னு கேப்பேன், ஆமான்னு தெலுங்குல சொல்லு, அவுனுன்னு. உன் முன்னாடி எடுத்தாங்களான்னு கேப்பேன், அதுக்கும் அவுனு."

"நான் எங்கடா பாத்தேன்?"

"கையெழுத்து போட்டா பாத்த மாதிரிதாம்மா. இல்லன்னா உன்னத்தான் பொய்க்காரின்னுவாங்க. என் கேஸும் போச்சு."

சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

கோர்ட்டில் அவன் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. இரண்டு முறையும் அவுனு என்றேன், குரல் நடுங்காமல். கூண்டில் நின்றவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் தண்டனை என்றார்கள்.

அந்தக் கேஸில்தான் அவன் பேர் வெளியே வந்தது. அடுத்தடுத்துப் பெரிய வழக்குகள். பிறகு வேலையை விட்டான், கட்சியில் சீட்டுக் கொடுத்தார்கள். தேர்தல் மேடையில் அந்த வழக்கைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார்கள். பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். அவன் ஜெயித்தபோது தெருவுக்கே லட்டு கொடுத்தேன். எதிர் வீட்டுக்கு மட்டும் கொண்டு போகவில்லை.

அப்பீல் ஹைகோர்ட்டுக்குப் போன சமயம் எதிர் வீட்டுக்காரி என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும். அத மட்டும் எழுதிக் குடுங்க," என்றாள். அழவில்லை. நான் அவனைத் தேடிப் போனேன். மனு கொடுக்க வந்த கூட்டத்தோடு காத்திருந்து, என் முறை வந்ததும் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"இப்ப மாத்திச் சொன்னா நீ உள்ள போவ. நான் வீட்டுக்குப் போவேன். அவன் மட்டும் வெளிய வரமாட்டான்."

அவளிடம் எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிக்கா என்று எழுந்து போனாள். அப்பீல் தோற்றது. அதன் பிறகும் மாதாமாதம் சாப்பாட்டுக் கூடையோடு குஷாய்குடா பஸ் ஏறி ஜெயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் அவர் ஜெயிலிலேயே இறந்துபோனார். பத்தடித் தெரு அது. அதைத் தாண்டிப் போய் என்னால் அழ முடியவில்லை. காரியம் முடிந்த பிறகு, பழைய இரும்பு எடுக்கிறவனுக்கு அவள் ஒரு டின்னைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். நீலப் பெயிண்ட், மூடியில் துரு. அன்றுதான் அந்த டின்னை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

செத்தவருக்கு இந்தக் காகிதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வளர்த்தவன் இதைக் கேட்டால் இனி என் வீட்டுப்படி ஏற மாட்டான். இருந்தாலும் எதிர் வீட்டில் கொடுக்கத்தான் சொல்கிறேன். வேலூரில் தமிழ் படித்த என் பேத்தி எழுதுகிறாள். கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவையும் நீட்டிவிட்டாள்.

பேனா இருக்கட்டும்டி. மொதல்லேர்ந்து படி. ஒரு வார்த்த விடாம படி.