மூன்று மரம் யாருடையது?

போன வாரம் மீன்சுருட்டியில் ஒரு தேங்காய் வியாபாரி என் அக்காவின் முன்னால் பேச்சு வராமல் நின்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கைதட்டவில்லை – அவ்வளவுதான்.

கதை மாசி மாதம் ஆரம்பித்தது.

அக்காவுக்குக் கிணற்றைச் சுற்றி முப்பத்து மூன்று தென்னை. மாமாவுக்குத் திருச்சியில் மில் வேலை. தோப்பு முழுக்க அக்கா பொறுப்பு. அந்த வெட்டில் முந்நூற்று முப்பது காய் விழுந்தது. வியாபாரி எண்ணி முடித்தார். முந்நூறுக்குப் பணம் நீட்டினார்.

மீதி முப்பது? அதற்குப் பெயர் லாபக்காய். நூறு வாங்கினால் பத்து சும்மா. யார் போட்ட சட்டம்? யாருக்கும் தெரியாது. எல்லோரும் கொடுத்தார்கள்; அக்காவும் இத்தனை வருஷமாகக் கொடுத்தாள்.

"முந்நூத்தி முப்பதுக்கும் வைங்க" என்றாள் அன்றைக்கு.

வியாபாரி சிரித்தார். "என்னம்மா புதுசா? ஊரு வழக்கம்தானே!"

"மரத்துக்குப் பத்து காய். அப்ப என் தோப்புல மூணு மரம் ஒங்களுக்கே காய்க்குதுங்க. எரு நான் வைக்கணும், தண்ணி நான் பாய்ச்சணும், வண்டு விழுந்தா நான் அழுவணும். எந்த மூணுன்னு காட்டுங்க. நாளையிலேருந்து நீங்களே வந்து தண்ணி ஊத்துங்க!"

வண்டியைக் காலியாகத் திருப்பினார் அவர். "ஜெயங்கொண்டத்துலேருந்து ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். சொன்னபடியே ஒருவரும் வரவில்லை.

இங்கேதான் நான் நுழைகிறேன் – சனிக்கிழமை பஸ்ஸில், பை நிறையப் புத்திமதியோடு. மோட்டார் கருகி ரிப்பேர் கடையில் கிடந்தது. காய் விற்றால்தான் மோட்டார். மோட்டார் வந்தால்தான் மரத்துக்குத் தண்ணீர். கோடையோ வாசலில் நிற்கிறது!

"முப்பது காய்தானேக்கா... விட்டுத் தொலையேன்" என்றேன்.

"பத்து வாரம் எழுதுனா பதினோராவது வாரம் பத்திரிகைக்கு சும்மா எழுதிக் குடுப்பியாடா நீ?"

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிற நான் பேச்சை மாற்றினேன். காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

மரம் ஏறியவருக்கு அக்காவே கூலி கொடுத்தாள். கடப்பாரையை நட்டு, இரண்டு ஆள் வைத்து மட்டை உரித்தாள். காயை உடைத்துக் களத்தில் பரப்பினாள். கொப்பரையாக்கி விற்கப்போகிறாளாம். லீவு போட்டு உட்கார்ந்த எனக்குக் கிடைத்த உத்தியோகம் – காக்காய் விரட்டுவது. மூன்றாம் நாள் மேகம் திரண்டது. நனைந்தால் அத்தனையும் பூசணம். பாய், சாக்கு, என் வேட்டி வரைக்கும் போர்த்தினோம்.

"ஐப்பசியில கூப்புட்டப்ப வரல... இப்ப ஒன்ன யாரு கூப்புட்டா?" என்று வானத்தைப் பார்த்தே சண்டை போட்டாள். நாலு தூறலோடு அது பயந்து போய்விட்டது!

காய்ந்ததை எண்ணெய் மில்லில் எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். மோட்டார் வீடு வந்தது. கூலியெல்லாம் கழித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட வியாபாரி நீட்டிய அதே பணம்!

"இதுக்கா இந்தப் பாடு?" என்றேன். எனக்கு எரிச்சல்.

"சமமா வந்துச்சுல்ல? அப்புறம் அவரு எனக்கு எதுக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 'வேண்டாம், போ' என்று சொல்ல முடிந்தவர்களுக்குத்தான் விலை சொல்லும் வாய் இருக்கிறது. மற்றவர்கள் வழக்கத்துக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

போன வாரம் அடுத்த வெட்டு. கொப்பரை விற்ற கதை காதில் விழுந்திருக்க வேண்டும்; வியாபாரி தானாகவே வந்தார். எண்ணிய காய் அத்தனைக்கும் பணம் வைத்தார். வண்டி கிளம்பும்போது அக்கா இரண்டு நல்ல காயை எடுத்து நீட்டினாள்.

"கணக்கு முடிஞ்சிருச்சேம்மா?"

"இது கணக்குல இல்லீங்க. வூட்டுல கொழம்புக்குக் குடுங்க. இது நானாக் குடுக்குறது."

அப்போதுதான் அவருக்குப் பேச்சு வரவில்லை. வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

சரி, அந்தக் காரணம்? வருஷா வருஷம் ஆண்டு மலருக்கு 'அன்புக்காக ஒரு கட்டுரை' கேட்டு நம் ஆசிரியரிடமிருந்து கார்டு வரும். வழக்கம்தானே என்று நானும் சும்மா எழுதிக் கொடுத்துவிடுவேன். இந்த வருஷக் கார்டு நேற்று வந்தது.

ஆசிரியர் சார்... மணியார்டர் அனுப்ப என் விலாசம் அதேதான்!